ராஜாவின் கொடியும் மின்னல் கம்பமும்

ஆலங்கோட்டை ராஜாவுக்கு இருமல் வந்தது. அதனால் ஊர்ப் பனைமரங்களுக்கு ஆபத்து வந்தது. இருமலுக்கும் பனைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அரண்மனை என்று வந்துவிட்டால் எதற்கும் எதற்கும் சம்பந்தம் வரும்.

ராஜா ஆசைப்பட்டு மின்சார இயந்திரம் ஒன்றை வரவழைத்திருந்தார். அது கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து வண்டி வண்டியாக விறகைத் தின்றது. தின்றதற்கு நாலு விளக்கு எரிந்தது, மிச்சமெல்லாம் புகை. மகாராணியின் வெள்ளைப் பட்டெல்லாம் கரியாயிற்று.

"புகையில்லாத கரண்ட் வேணும்! எவன் கொண்டுவந்தாலும் சரி!" என்று ராஜா இருமலுக்கு நடுவே கத்தினார்.

வந்து சேர்ந்தார் டாக்டர் மேகவர்ணன். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கோட்டு போட்டிருந்தார், அது போதுமாக இருந்தது.

"வானம் பூரா கரண்ட்தான், மகாராஜா. செப்புக் கம்பம் ஒன்று நட்டால் மின்னல் தானாக வந்து இறங்கும். ஜாடியில் பிடித்து மூடி வைத்தால் வருஷம் பூரா விளக்கெரிக்கலாம். துளிப் புகை வராது!"

அரண்மனைத் தோட்டத்தில் கம்பம் எழுந்தது. கோடை போயிற்று, ஐப்பசி வந்தது. டாக்டர் அரண்மனைச் சாப்பாட்டில் நன்றாகப் பருத்தார். ஜாடிகளில் பல்லி குடும்பம் நடத்தியது. மின்னலோ கம்பத்தைத் திரும்பியும் பார்க்காமல், போன வாரம் ஊரோரத்துப் பனை ஒன்றை உச்சி முதல் அடி வரை பிளந்துவிட்டுப் போனது.

"என்னய்யா டாக்டர்?" என்றார் ராஜா.

"திருட்டு, மகாராஜா! பனையெல்லாம் கம்பத்தைவிட உயரம். நமக்கு வரவேண்டிய கரண்டை நடுவிலேயே திருடிவிடுகின்றன. கம்பத்தைவிட உயரமாக எது நின்றாலும் வெட்டித் தள்ளணும்!"

அமைச்சர் தாண்டவராயருக்கு வாயெல்லாம் பல். அந்தப் பனங்காட்டின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே ஆணையை எழுதவைத்தார். அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

சேதி கேட்டதும் பனையேறி வீட்டுப் பொன்னிசக்கி, அரசவை விகடர் குழைக்காதர் வாசலுக்கு ஓடிவந்தாள். தினமும் அவருக்குப் பதநீர் ஊற்றுபவள். இன்றைக்குக் கலயம் காலி, கண் நிறைந்திருந்தது.

"நாளைக்கு வெட்டுறாங்களாம் சாமி. மரம் போச்சுன்னா எங்க அறுபது குடும்பமும் எதைத் தின்னும்? நீங்கதான் ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

குழைக்காதருக்கு வயிறு எரிந்தது. பதநீர் போன எரிச்சல் கொஞ்சம், இந்தக் கோட்டுக்காரன் மேல் கோபம் நிறைய. "நீ அழாம போம்மா. மொதல்ல அவங்க வெட்டவேண்டிய மரம் வேற இருக்கு" என்றார்.

மறுநாள் காலை அரண்மனைக் கோபுரத்தின் மேல் தடதடவென்று சத்தம். ராஜா ஓடிவந்து பார்த்தால், குழைக்காதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்!

"அட பாவி! கொடியில கை வைக்கிறியா? கொடி இறங்கினா ராஜா செத்துட்டார்னு அர்த்தமாச்சே!"

"உங்க ஆணைதான் மகாராஜா, கம்பத்தைவிட உயரமா எது நின்னாலும் வெட்டணும்னு. நம்ம ஊரில் யார் எதைக் கட்டினாலும் ராஜா கொடிக்கு ஒரு சாண் கீழேதான் கட்டணும். டாக்டர் கம்பமும் அப்படித்தான் நிற்குது. அப்போ கம்பத்தைவிட இந்தக் கொடி உயரமா இல்லையா? இதுவும் திருடன்தானே? பக்கத்தில் இருக்கிற திருடனை முதலில் பிடிப்போம்னு ஏறினேன்."

ராஜா கொடியை அண்ணாந்து பார்த்தார். "கொடியை இறக்க முடியாது. வேற வழி சொல்லு."

"இருக்கே! கொடியை அந்தக் கம்பத்து உச்சியிலேயே கட்டிடலாம். அப்போ கொடியும் கம்பமும் ஒண்ணு, கொடி மேல திருட்டுப் பேச்சே வராது. வழக்கப்படி ராஜா தன் கொடிக்கு அடியில்தானே படுக்கணும்? கம்பத்தடியில் கட்டில் போடச் சொல்றேன்."

ராஜாவுக்குப் பிளந்த பனை ஞாபகத்துக்கு வந்தது. இருமல் டக்கென்று நின்றது. "நான்... அங்கேயா?"

"பயம் எதுக்கு? மின்னல் சாதுவா ஜாடிக்குள்ள இறங்கிடும்னு டாக்டரே சொல்லியிருக்காரே. இல்லைன்னா இன்னொரு வழக்கமும் உண்டு. ராஜா படுக்க முடியாத நாளில், அவர் உடைவாளை மார்பில் வெச்சுக்கிட்டு அமைச்சர் படுக்கலாம். ஜாடியைப் பிடிச்சுக்க டாக்டர் கூட இருக்கட்டும்."

"பேஷ்! அப்படியே செய்!" என்றார் ராஜா, விட்டால் போதும் என்று.

கட்டில் வந்தது. தாண்டவராயரை நாலு பேர் தூக்கிவந்து கிடத்தி, உடைவாளை மார்பில் நட்டுக்குத்தலாக நிறுத்தினார்கள். டாக்டர் கையில் ஜாடி. அவர் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்ததில் உள்ளே இருந்த பல்லி எட்டிப் பார்த்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"டாக்டர், ஒண்ணும் ஆகாதே?" என்று அமைச்சர் ஈனசுரத்தில் கேட்டார்.

"கிழக்கு வாசல்... கிழக்கு வாசல் திறந்திருக்குங்களா?" என்றார் டாக்டர்.

வானம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, லேசாக உறுமியது. ஜாடி விழுந்து உடைந்தது. வாள் ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். டாக்டர் கிழக்கு வாசல் வழியே பறந்தார். அவருக்கு முன்னால் அமைச்சர் பறந்தார்!

ராஜாவுக்கு எல்லாம் விளங்கியது. "கம்பத்தைப் பிடுங்குங்கடா! ஒரு பனை மேலயும் கை படக்கூடாது!" என்றார். அப்புறம் ஏமாந்த கடுப்பில் குழைக்காதரை முறைத்தார். "ஆக, வானத்துக் கரண்டுன்னு சொன்னதெல்லாம் பொய்தானா?"

"அப்படிச் சொல்லாதீங்க மகாராஜா. அவ்வளவு விறகு தின்ன நம்ம இயந்திரம் இந்த அமைச்சரை என்னைக்காவது ஓரடி நகர்த்தியிருக்கா? வானம் ஒரு உறுமல்தான் உறுமிச்சு. ஆள் ஊர் எல்லையைத் தாண்டிட்டார். துளிப் புகை வந்துச்சா பாருங்க!"

ராஜா சிரித்த சிரிப்பில், நின்றிருந்த இருமல் மறுபடி பிடித்துக்கொண்டது.