கிரகணத்தின் மறுதரப்பு

மூளையைப் பங்கு வைத்த அன்று பந்திக்கு முந்தப் போய் அதைத் தவறவிட்ட மூன்று பேர், கொக்கரப்பட்டியில் ஒரு வானொலி நிலையம் நடத்தினார்கள். பூதத்தான் மேலாளர். சங்கிலிராசு ஒலிப்பதிவு. அய்யாக்கண்ணு அறிவிப்பாளர், பேசத் தெரிந்ததால் தனக்கு விஷயமும் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். பாவம், அந்த நம்பிக்கையில்தான் காலம் ஓடியது.

ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. "நிபுணர்களை அழைத்துப் பேசுங்கள். எந்தச் செய்தியிலும் இரு தரப்பையும் கேட்டு, சம நேரம் கொடுங்கள். தவறினால் நிலையம் மூடப்படும்."

மூடினால் அய்யாக்கண்ணு எங்கே போவார்? வேறு வேலைக்கு லாயக்கில்லை என்பது அவருக்கே தெரியும்.

சூரிய கிரகணத்தன்று வானியல் விஞ்ஞானி மங்கையர்க்கரசியை வரவழைத்தார்கள். "பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கிரகணம் ஆரம்பிக்கும்" என்றார் அவர்.

பூதத்தான் முகம் வாடியது. "இது ஒரு தரப்புதானே? வராதுன்னு சொல்ல ஆள் எங்கய்யா?"

சங்கிலிராசு டீக்கடைக்கு ஓடிப்போய்க் கேட்டான். "வந்தா வருது, வராட்டி போகுது. இங்க வடை தீயுது" என்று விரட்டிவிட்டார் கடைக்காரர்.

"அப்ப நீங்கதாண்ணே பேசணும்" என்றான் அய்யாக்கண்ணுவிடம்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதேப்பா."

"தெரிஞ்சா அவங்க பக்கம் சாய்ஞ்சிருவீங்க. தெரியாததுதான் வசதி."

அய்யாக்கண்ணுவுக்குப் பெருமையாக இருந்தது. தன் அறியாமைக்கு மரியாதை கிடைத்தது அன்றுதான்.

சத்தம் வராமலிருக்க ஜன்னல்களை அடைத்தார்கள். விஞ்ஞானி பத்தொன்பது நிமிடம் விளக்கினார். அய்யாக்கண்ணு "வராது" என்றார். அதற்கு ஒரு வினாடி ஆனது. மீதி நேரத்துக்கு, "நிலாவுக்குப் பகல்ல என்னங்க வேலை?" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"மணி பத்தரை. எதுக்கு விவாதம்? கண்ணாடி கொண்டுவந்திருக்கேன், வெளியே வந்து பாருங்க" என்று எழுந்தார் விஞ்ஞானி.

பூதத்தான் பதறிப்போய்க் கதவை மறித்தார். "பார்த்துட்டா நாங்களும் ஒரு தரப்பு ஆயிடுவோமேம்மா!"

அவரை ஒதுக்கிவிட்டு விஞ்ஞானி போய்விட்டார். ஊரே வாசலில் நின்று கிரகணம் பார்த்தது. இவர்கள் மூவரும் அது முடியும்வரை இருட்டறையில் நடுநிலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அய்யாக்கண்ணு செய்தி வாசித்தார்: "இன்று கிரகணம் வந்ததாக ஒரு தரப்பும், வரவில்லை என்று மறுதரப்பும் தெரிவித்தன. மறுதரப்பு நான்தான்."

மறுநாள் அதிகாரிகள் வந்து ஒலிபரப்பை நிறுத்தி, உத்தரவை நீட்டினார்கள்: "நிலையம் மூடப்பட்டது."

அவர்கள் போனதும் பூதத்தான் அதை இருமுறை படித்தார். "சரி, இது அவங்க தரப்பு."

உடனே அய்யாக்கண்ணு செத்துப்போன மைக் முன்னால் உட்கார்ந்து, நிலையம் மூடப்படவில்லை என்று சாயங்காலம்வரை தொண்டை கிழியப் பேசினார்.

வீட்டுக்கு வந்தால், கல்யாணமான நாளாக ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனைவி சிவனம்மாள் சிரித்த முகமாக நின்றாள். "இன்னைக்கு ரேடியோவுல ஒரு தப்புகூட இல்லீங்க. கேக்க அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு."

அய்யாக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே! கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, தன்னை அதே அளவு நேரம் திட்டுவதற்கு ஓர் ஆளைத் தேடிக் கிளம்பினார். தெருமுனைக்குள் பதினோரு பேர் கிடைத்தார்கள்.