வட்டமாக வெட்டிய அட்டை

மூடுபனி இறங்கினால் அந்த மலையில் மரங்கள் இருப்பதில்லை. சத்தங்கள் மட்டும் இருக்கும்.

தேயிலை எடை போடும் பழைய கொட்டகையில் வல்லியம்மா குடியிருந்தார். எஸ்டேட் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. முதலாளி கடல் தாண்டிப் போனார். தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவர் சட்டசபைக்குப் போனார், இன்னொருவர் லாரி வாங்கினார். மேடையில் முழங்கிய எல்லாரும் எங்காவது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்த வல்லியம்மா, தராசுக் கொக்கி தொங்கும் இந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். ஏன் என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பிறகு வந்தவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவருக்கு ஒரே ஒரு சீடர், சீரங்கன். குருவைவிட எட்டு வயது மூத்தவர். கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ள வந்தவர், கற்றுக்கொண்ட பிறகும் வந்துகொண்டிருந்தார். சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணே என்பார். இருவருக்கும் அதில் விந்தை ஒன்றும் தெரியவில்லை.

ஒரு காலையில் சீரங்கன் துணிப்பையோடு வந்தார். பனி அவருக்கு முன்னால் கொட்டகைக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போனது.

"அம்மா, ஒரு கேள்வி."

"பனி விலகட்டுமே."

"விலகறதுக்குள்ள பதில் வேணும். லிங்கையன் கீழ பாலத்துல நிக்கறான். இன்னைக்கு டவுனுக்குப் போறான்."

"சரி, உக்காருங்க."

சீரங்கன் உட்கார்ந்து சொன்னார்.

அவருக்கு இருப்பது ஓரேக்கர் மரவள்ளி. பன்றி வருவது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. விடிந்து போய்ப் பார்த்தால், காடு தூக்கத்தில் தன்னைத்தானே உழுதுகொண்டது போல் கிடக்கும். பயிர்க்காவலுக்கென்று உரிமம் வாங்கிய துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். கடைத் தோட்டா கட்டுபடியாகாது. சுட்ட தோட்டாவின் காலி உறையை எடுத்துவைத்து, மறுபடி வெடிமருந்தும் ஈய ரவையும் அடைத்துக்கொள்வார். ஒரு மரக்குச்சி, ஒரு சின்னச் சுத்தியல், பொறுமை. அவ்வளவுதான் அவரிடம் இருந்த கருவி.

டவுனில் கை அச்சு ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதில் வைத்து அழுத்தினால் தோட்டா கடைத் தோட்டா போலவே முடிந்து நிற்கும். தனியாக வாங்க சீரங்கனுக்கு வசதியில்லை.

"லிங்கையன் பாதி போடறேங்கறான். அவன்கிட்டயும் அப்பன் காலத்துத் துப்பாக்கி இருக்கு. அச்சு உன் வீட்டுலயே இருக்கட்டும், எனக்கும் சேர்த்து நீ நிரப்பிக் குடுங்கறான்."

"கேள்வி எங்க?"

"அவன் போடற பாதி எனக்குக் கூலியா, இல்ல நட்பா? கூலின்னா சிநேகிதன்கிட்ட கை நீட்ட மனசில்ல. நட்புன்னா பாதின்னு ஒரு அளவு எதுக்கு?"

வல்லியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை நாளா யோசிச்சீங்க?"

"மூணு நாள்."

"தெரியுது. கேள்விக்கு இஸ்திரி போட்டிருக்கு."

சீரங்கன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பையில என்ன?"

"சாமான்தான். அவன் ரெண்டு நிரப்பிக் காட்டச் சொன்னான்."

"எனக்கு ஒண்ணு நிரப்பிக் காட்டுங்க."

சீரங்கன் துண்டை விரித்தார். ஒரு தகர டப்பாவைத் திறந்தார். மூச்சை அளந்து விட்டார். உறையை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். மருந்துக்கு மேல் ஒரு வட்ட அட்டை, ரவைக்கு மேல் ஒன்று. குச்சியால் ஒவ்வொன்றையும், தூங்கும் பிள்ளையைத் தட்டுவது போலத் தட்டினார். வாயைத் தேன்மெழுகால் அடைத்துக் கட்டைவிரலால் தடவினார். மெழுகில் விரல்ரேகை பதிந்தது.

"இந்த அட்டை எதுல வெட்டினது அண்ணே?"

"கல்யாணப் பத்திரிகை அம்மா. நல்ல கெட்டி. லிங்கையன் மகள் கல்யாணத்துல ஒரு கட்டு மிஞ்சிச்சு, அவனே குடுத்தான். வீணாப் போகுதேன்னு."

டப்பாவில் கிடந்த வட்டங்களில் பொன்னெழுத்துத் துண்டுகள் மின்னின. ஒன்றில் பிள்ளையாரின் தும்பிக்கை மட்டும் இருந்தது.

வல்லியம்மா கையை நீட்டினார்.

"குடுங்க."

சீரங்கனின் கை பாதி வந்து நின்றுவிட்டது.

"எதுக்கு அம்மா?"

கேட்டபிறகுதான், கேட்டது தான் என்று அவருக்குத் தெரிந்தது. முகம் கறுத்துப்போயிற்று.

வல்லியம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.

"பதினஞ்சு வருசப் பழக்கம். என்கிட்ட துப்பாக்கி கிடையாது. என்னால ஓடவும் முடியாது. ஆனாலும் கேட்டுட்டீங்க. லிங்கையன்கிட்ட கேட்டீங்களா?"

"அவன்கிட்ட எப்படி அம்மா?"

"ஏன்?"

"என் வீட்டுக்காரியைப் பாம்பு தொட்டப்ப, ரோடு வரைக்கும் முதுகுல சுமந்துகிட்டு ஓடினவன் அவன். நான் பின்னால செருப்பை எடுத்துகிட்டு ஓடினேன். அவன்கிட்டப் போய் எதுக்குன்னு கேட்டா, நாக்கு அழுகிடும்."

பாலத்தின் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. பனிக்குள் அது எங்கிருந்தும் வருவது போல் இருந்தது.

"லிங்கையனுக்கு வெள்ளாமைக் காடு எங்க இருக்கு?"

சீரங்கன் துண்டின் ஓரத்தை மடித்துவிட்டார்.

"மேற்க ஓடைக்கரையில இருந்ததே?"

"இப்ப இல்ல. போன வருசம் அவன் அண்ணன் பேருக்குப் போயிடுச்சு. கேஸ் தோத்துட்டான்."

"அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை உண்டா?"

"இல்ல."

"காடில்லாதவருக்குப் பன்றி எங்கிருந்து வரும் அண்ணே?"

சீரங்கன் மெழுகில் பதிந்த தன் ரேகையைப் பார்த்தபடி இருந்தார். அவர் மூன்று நாள் இஸ்திரி போட்ட கேள்விக்கு அடியில் மடிந்து கிடந்தது இதுதான்.

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல அம்மா" என்றார் மெதுவாக.

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

"யாரைப் பத்தி?"

வல்லியம்மா எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய், அலமாரியிலிருந்து பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்துவந்தார். திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"கோபாலுன்னு ஒருத்தன். நாங்க ஒரே லயத்துல, அடுத்தடுத்த வீட்டுல பொறந்தவங்க. எங்க அப்பா காவலுக்குத் துப்பாக்கி வச்சிருந்தார். தோட்டா நிரப்பறது என் வேலை. எனக்குக் கை நடுங்காது. ஒரு தரம் அச்சு வாங்கினோம். பாதி எங்க அப்பா, பாதி கோபாலு."

சீரங்கன் நிமிர்ந்தார்.

"ஆமா, இதே பேச்சுதான். நீ நிரப்பு, நான் பாதி போடறேன். பன்னெண்டு நிரப்பிக் குடுத்தேன். அப்ப அவன் பன்றி அடிக்கிறவன். மூணு மாசம் கழிச்சு எஸ்டேட்டுல காவல்காரனாப் போயிட்டான். ஆள் மாறினது தோட்டாவுக்குத் தெரியாது."

"வேலைநிறுத்தம் நடந்த வருசமா அம்மா?"

"அந்த வருசம்தான். இதே கொட்டகை முன்னால. அன்னைக்கும் பனி. எதிர்ல நிக்கறது ஆளா கம்பமான்னு தெரியல. தலைவர்கள் எல்லாம் டவுன்ல அறிக்கை எழுதிகிட்டு இருந்தாங்க. இங்க நின்னது கொழுந்து கிள்ளறவங்களும் நானும். மேல பார்த்துச் சுடச் சொல்லியிருக்காங்க. கூட்டம் தள்ளினதுல அவன் கை இறங்கிடுச்சு. வெள்ளையா ஒரு பூ மலர்ந்த மாதிரி இருந்தது. சத்தம் அப்புறமாத்தான் வந்தது."

பனி மறுபடி உள்ளே வந்து, தராசுக் கொக்கியை மறைத்தது.

"கம்பவுண்டர் ரவையை ஒண்ணொண்ணா எடுத்துத் தட்டுல போட்டார். கடைசியா இடுக்கியில எதையோ பிடிச்சுகிட்டு, 'ஏம்மா, உன் காலுக்குள்ள புத்தகம் இருக்கு'ன்னார்."

சீரங்கன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

வல்லியம்மா கூட்டைத் திறந்தார். உள்ளே ஒரு வட்ட அட்டை இருந்தது. செங்கல் நிறம். ஓரம் கருகி, நடுவில் பழைய கறை. கறைக்குள் மூன்று எழுத்து அச்சாகியிருந்தது. ணிக்க.

சீரங்கன் எழுத்துக்கூட்டிப் படித்தார். இந்தக் கொட்டகையில்தான் அவர் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டார். முதலில் படித்தது குருவின் முழுப்பெயரை. மாணிக்கவல்லி.

"நான் எழுதின முதல் சிறுநூல் அண்ணே. எட்டணா விலை. ஐந்நூறு அடிச்சோம், நாற்பது வித்தது. மத்ததைச் சங்க ஆபீஸ்ல இடமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நல்ல கெட்டி அட்டை. வீணாப் போகுதேன்னு தோட்டாவுக்கு வெட்டிட்டேன்."

அவர் குரலில் அழுகை இல்லை. கொஞ்சம் கர்வம்கூட இருந்தது போலிருந்தது.

"கோபாலு வந்தானா அம்மா?"

"வந்தான், வாசல்ல நின்னு அழுதான். சுட்டது நான்தான் வல்லி, என்னை மன்னிச்சிடுன்னான்."

"நீங்க?"

"நீ என்னைத் தொடவே இல்லையே, இருபதடி தள்ளி நின்னியேன்னு சொன்னேன்."

"அவனுக்குப் புரிஞ்சதா?"

"என்னைத் தொட்டது நான் நிரப்பினதுதான்னு புரியல. மன்னிச்சுட்டேன்னு நினைச்சுகிட்டுப் போயிட்டான். அச்சுக்கு அவன் போட்ட பாதியையும் திருப்பிக் கேட்கல."

கீழே சீழ்க்கை நின்றது. காலடிச் சத்தம் ஏறத் தொடங்கியது. ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் பனியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.

"ஏ சீரங்கா! வயசான காலத்துல அ, ஆ படிச்சது போதும் வாடா! பஸ்ஸு போயிடும்!"

சீரங்கன் எழுந்தார். தகர டப்பாவை மூடப் போனவர், உள்ளேயிருந்து ஒரு வட்டத்தை எடுத்துப் பார்த்தார். லிங்கையன் மகளின் பெயரில் பாதி அதில் இருந்தது. மீதிப் பாதி எங்கே என்று தேடினார். மூன்று நான்கு வட்டங்களைப் புரட்டிவிட்டு, நிரப்பி முடித்த தோட்டாவைப் பார்த்தார். தேடுவதை நிறுத்தினார்.

"அம்மா, அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேளுங்க. கொஞ்சம் முன்னால என்கிட்ட எதுக்குன்னு கேட்டீங்களே, அதே குரல்ல."

சீரங்கன் வாசலில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எதுக்கு லிங்கையா? அது புகையிலை இருக்கா என்று கேட்பது போல வந்தது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். அது இன்னும் மெலிந்து வந்தது.

பனிக்குள் ஒரு முதுகு தெரிந்தது. வழுக்கும் இடத்தில் திரும்பிப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. சுமை ஏற்றிப் பழகிய, அகலமான முதுகு.

"அவனைப் பார்த்தா எனக்கு அந்தக் குரல் வராது அம்மா."

வல்லியம்மா வட்ட அட்டையைக் கூட்டுக்குள் வைத்து மூடினார்.

"கோபாலுகிட்ட எனக்கும் வரல" என்றார்.