கன்றின் காயம்

“சாமி, என் கை ராசியில்லாத கை. நான் கட்டின ஒட்டு ஒண்ணுகூடப் பிடிக்கலை.”

மடத்துத் தோட்டத்தில் மண்டியிட்டிருந்த துறவி நிமிரவில்லை. வெள்ளையம்மாவைவிடப் பத்து வயதாவது இளையவர். அந்த மலையில் ஆப்பிளுக்கு ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“எல்லாம் காய்ஞ்சு போச்சா?”

“விறகாப் போச்சு.”

ஐப்பசி மழையில் மலைச்சரிவு இடிந்து இறங்கியது. வெள்ளையம்மாவின் ஆப்பிள் மரங்களைக் கொண்டுபோனது. பக்கத்து வீட்டையும் கொண்டுபோனது. அந்த வீட்டில் அவள் தங்கை செவ்வந்தி புருஷனோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று பெரியம்மா வீட்டில் படுத்திருந்ததால் பிழைத்தது அவர்கள் மகள் தாரணி மட்டும்.

தோட்டத்தில் மிஞ்சியது ஒரே ஒரு மரம். பாதி வேர் வெளியே தொங்க, அதுவும் இன்றோ நாளையோ என்று நின்றது. அதன் குச்சிகளை வெட்டி, மடத்தில் வளரும் காட்டு ஆப்பிள் கன்றுகளில் ஒட்டினால் தோட்டத்தை மீட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போன மாதமே மடத்துக்கு வந்து, துறவியிடம் கேட்டுக் கேட்டு ஒட்டுக் கட்டியிருந்தாள்.

துறவி காய்ந்த ஒட்டு ஒன்றின் கட்டை அவிழ்த்தார். குச்சி கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

“குச்சியை நல்லா ஆழமாச் சீவியிருக்கீங்க.”

“நீங்க சொன்ன மாதிரிதான் சாமி.”

“கன்றை?”

வெள்ளையம்மா குனிந்து பார்த்தாள். கன்றின் தோலில் நகம் பட்டது போல ஒரு கீறல். அவ்வளவுதான்.

“அது வேர் விட்டு நல்லா நிக்குது சாமி. அதைப் போய் எப்படி…”

“குச்சிக்கு வலிக்காதா?”

“அதான் ஏற்கெனவே அறுந்து வந்துடுச்சே.”

அந்தப் பக்கம் கல் பொறுக்கிக்கொண்டிருந்த தாரணி ஓடிவந்தாள். ஆறு வயது.

“சாமி, எங்கம்மா டவுன்லேர்ந்து எப்ப வரும்?”

துறவி வெள்ளையம்மாவைப் பார்த்தார்.

“அடுத்த வாரம் வந்துடும்டி தங்கம்,” என்றாள் அவள், சிரித்த முகமாக.

மழைக்குப் பிறகு அவள் இதைச் சொல்லாத நாளில்லை. பிள்ளைக்கு முன்னால் கண் கலங்கிவிடக் கூடாதென்று தங்கையின் காரியத்தன்றுகூட அவள் அழவில்லை.

பிள்ளை தலையாட்டிவிட்டுப் போனது. அது ஒழுங்காகச் சாப்பிட்டே பல நாள் ஆகிறது. பெரியம்மா அணைத்துப் படுத்தால் சுவரோரமாக நகர்ந்துகொள்ளும்.

துறவி கத்தியை நீட்டினார்.

“சீவுங்க.”

கத்தி கன்றில் பட்டதும் அவள் கை நின்றது.

“இன்னும்.”

தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தது.

“இன்னும்.”

“செத்துடும் சாமி!”

அவர் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். வெள்ளைக் கட்டை தெரிந்தது. ஈரம் கசிந்தது.

புதிதாகச் சீவி வைத்திருந்த குச்சி ஒன்றை எடுத்து அதன் அருகே பிடித்தார்.

“இப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. வைங்க.”

வைத்தாள். கட்டினாள். கட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை. கட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தாரணியைக் கூப்பிட்டாள். வீட்டுக்குத் திரும்பியும் உள்ளே போகவில்லை. பக்கத்தில் தங்கை வீடு இருந்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். செம்மண்ணும் பாறையுமாகக் கிடந்தது.

“தாரணி, அம்மா டவுனுக்குப் போகலை. மலை சரிஞ்சு அவங்க மேல விழுந்துடுச்சு. அம்மாவும் அப்பாவும் செத்துப் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க.”

பிள்ளை மண்ணைப் பார்த்தது. அவளைப் பார்த்தது.

“பொய்.”

“நிஜம்டி.”

“பொய் சொல்ற பெரியம்மா!” பிஞ்சுக் கைகள் அவள் வயிற்றில் அடித்தன. “அம்மா செத்திருந்தா நீ அழுதிருப்பியே!”

வெள்ளையம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து தங்கையின் பெயர்தான் ஓலமாகக் கிளம்பியது.

அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளை நம்பியது.