நாற்பத்திரண்டு பிரிவுகளும் நான்காம் வகுப்பும்

சட்டத்துறை அதிகாரி வேதமாணிக்கத்துக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரு குரு வாய்த்தார். அரசுத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை மெகருன்னிசா. வயது முப்பத்து நான்கு.

"பிள்ளைங்களுக்குச் சொன்னா புரியாத சட்டத்தை எழுதி என்ன சார் பண்றது?" என்று அவர் ஒருமுறை கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். எந்த வரைவையும் அவரிடம் காட்டாமல் மனிதர் மேலே அனுப்புவதில்லை.

ஒரு நாள் அவர் வகுப்பறைக்கே கொண்டுவந்தது ஆசிரியர் பரிமாற்ற மசோதா. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஓராண்டு வெளிநாட்டில் போய்ப் பாடம் நடத்துவார்கள். அங்கிருந்து ஆசிரியர்கள் இங்கே வருவார்கள். மறுநாள் சட்டமன்றத்தில் தாக்கல்.

"நிறைவேறினா முதல் ஆள் நீங்கதான் டீச்சர். ஜப்பான்."

மெகருன்னிசாவின் முகம் மலர்ந்தது. ஜப்பானிய எழுத்து பழகும் நோட்டு ஒன்று அவர் மேசைக்குள் இருப்பது வேதமாணிக்கத்துக்கும் தெரியும்.

மெகருன்னிசா நாற்பத்திரண்டு பிரிவுகளையும் நிதானமாகப் படித்தார். விசா, காப்பீடு, தங்குமிடம் எல்லாம் இருந்தன. வருகிற ஆசிரியர்களுக்கு நகரத்து மாதிரிப் பள்ளிகள் என்றும் இருந்தது.

"ஏதாவது விட்டுப்போச்சா டீச்சர்?"

மெகருன்னிசா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு டீச்சர் லீவு."

அவ்வளவுதான். முப்பத்தொரு பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு நடந்தார்கள். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு சொல்லாமலே நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டது. இடம் போதாமல் ஏழெட்டுப் பேர் வாசற்படியில் உட்கார்ந்தார்கள்.

வேதமாணிக்கம் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். "ஒரு நாள், ரெண்டு நாள்தானே இப்படி?"

"எத்தனை நாள்னு உங்க மசோதாவுலதான் இருக்கு சார்."

வேதமாணிக்கம் பேனாவை எடுத்தார். "போனவரோட வகுப்புலதான் வர்றவர் பாடம் எடுக்கணும். இப்படி எழுதட்டுமா?"

"எழுதுங்க."

பேனா நின்றது. "இப்போ திருத்தினா அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிப்போகும் டீச்சர். அதுக்குள்ள உங்களுக்கு முப்பத்தஞ்சு ஆயிடும். முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும்ங்கிற வரம்பு ஜப்பான் போட்டது. நம்ம கையில இல்ல."

 மெகருன்னிசா மேசையைத் திறந்து அந்த நோட்டை எடுத்து மசோதாவின் மேல் வைத்தார்.

"முதல்ல போறவங்ககிட்ட குடுத்துடுங்க. பாதிப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கு."

குருவை ஏறிட்டுப் பார்க்க வேதமாணிக்கத்தால் முடியவில்லை. குனிந்து எழுதத் தொடங்கினார்.

மெகருன்னிசா பக்கத்து அறை வாசலுக்குப் போய் நின்றார்.

"நாலாம் வகுப்பெல்லாம் எந்திரிங்க. டீச்சர் வந்துட்டேன்."