சுயம்புலிங்கத்தின் ப்ரீஆம்ப்

நாகர்கோவிலில் தேவகிருபையின் பட்டறையிலிருந்து ஒரு ப்ரீஆம்ப் வெளியே போனால், அதன் முதுகில் செய்தவர் பெயர் பொறித்த தகடு இருக்கும். ரெக்கார்டு பிளேயர் தரும் மெல்லிய ஒலியைத் தூக்கிப் பெரிய ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்கிற பெட்டி அது. இதுவரை போன அத்தனையிலும் அவள் பெயர்தான்.

மின்வாரியத்தில் முப்பது வருஷம் அதிகாரம் பண்ணி ஓய்வுபெற்ற சுயம்புலிங்கம், தன்னைவிட இருபது வயது இளைய அவளிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். தன் பெயரும் ஒரு பெட்டியில் ஏற வேண்டும். அந்த ஆசை மனுஷனைப் பாடாய்ப் படுத்தியது.

"நல்ல ப்ரீஆம்ப்புல என்னென்ன இருக்கணும், டீச்சர்?"

"உங்களுக்குத் தோணுததை வச்சு ஒண்ணு செஞ்சுட்டு வாங்க, சார்."

அவர் ஒன்றையும் விடவில்லை. பாஸுக்கு ஒரு திருகு, ட்ரெபிளுக்கு ஒரு திருகு, எக்கோ, நீல விளக்கு, ஆடுகிற முள், ரிமோட். கல்யாண வீட்டு வாசல் மாதிரி மின்னியது பெட்டி. பெருமையில் தலைகால் புரியாமல் கொண்டுவந்து வைத்தார்.

அவள் பாட்டு எதுவும் போடவில்லை. வால்யூமை மட்டும் கடைசிவரை திருப்பினாள். ஸ்பீக்கர் உஸ்ஸென்று இரைந்தது.

"யாரு சார் பாடுதா?"

"யாரும் பாடலையே."

"பின்ன என்ன சத்தம் கேக்கு?"

சுயம்புலிங்கத்துக்கு முகம் தொங்கிப்போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரைச்சல் தருவதையெல்லாம் நான்கு மாதம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். எக்கோவைக் கழற்றிய அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்தபோது பெட்டியில் இரண்டே திருகு. ரெக்கார்டா ரேடியோவா, எதைக் கேட்பது என்பதற்கு ஒன்று, வால்யூமுக்கு ஒன்று. முழு வால்யூமில் வைத்து ஸ்பீக்கரில் காதைக் கொடுத்தார். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது அவருக்கு.

அன்று ப்ரீஆம்ப் வாங்க ஞானசிகாமணி வந்திருந்தார். சர்ச் பாடகர் குழுவை நடத்தியவர். அந்தக் குழு நாற்பது வருஷத்துக்கு முன் பாடிய இசைத்தட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தேவகிருபை அதைச் சுயம்புலிங்கத்தின் பெட்டி வழியாக ஓடவிட்டாள்.

பாதிப் பாட்டில் ஞானசிகாமணி துள்ளி எழுந்தார்.

"மழை! கேக்கா? அன்னைக்கு சர்ச்சு ஓட்டு மேல மழைல்லா பேஞ்சுது! இத்தன வருசமா இது என் காதுல விழுந்ததே இல்லியே! இந்தா, இருவத்திரண்டு பேரும் ஒண்ணாப்போல மூச்சு எடுக்கதைக் கேளுங்க. நான் பழக்குன குழுவாக்கும்!"

ஒவ்வொருவர் பேராகச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். ஒரு மணி நேரம் வாய் ஓயவில்லை. பிறகு, நாளைக்கு வந்து பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, பாடிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

சுயம்புலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"பெட்டியைப் பத்தி அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லலையே, டீச்சர்!"

"சொல்லலைல்லா? அப்போ உங்க பேரைப் போடுங்க, சார்."