மன்னரின் மனபாரம்

முன்னே முன்னே, அரசர் முகம் சுளித்தால் ஊரே முகம் சுளித்த காலத்தில், மகிழ்மாறன் என்றொரு மன்னர் இருந்தார். மகிழ்ச்சியெல்லாம் பெயரோடு சரி. மூன்று நாட்களாக, மீசையைக் கையால் பொத்தியபடி உம்மென்று சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டும் வேண்டாம், பாயசமும் வேண்டாம் என்றுவிட்டார்.

அமைச்சர் அம்பலநாதருக்கு விகடகவி கூத்தப்பன்மேல் நெடுநாள் வயிற்றெரிச்சல். இதுதான் சமயமென்று மெல்லப் பற்றவைத்தார்.

"மன்னா! சிரிக்க வைப்பதே தொழிலாகக் கொண்ட கூத்தப்பன் சும்மா நிற்கிறானே! தங்கள் மனபாரத்தை இறக்கிவைக்கட்டும். முடியாவிட்டால் நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும். பொழுது சாய்வதற்குள் இறக்கு!" என்று எரிந்து விழுந்தார் மன்னர்.

கூத்தப்பன் கவலையோடு யோசித்தான். பிறந்த ஊரை விட்டு இந்த வயதில் எங்கே போவது? ஆனாலும் விடுவிடுவென்று சந்தைக்குப் போய், மூட்டை தூக்குபவர்கள் தலையில் வைக்கும் துணிச் சும்மாடு ஒன்றோடு திரும்பினான்.

"அரசே, தாங்கள் இறக்கும் பாரத்தைத் தாங்க ஒரு தலை வேண்டும்."

விசுவாசத்தைக் காட்டக் கிடைத்த வாய்ப்பை அம்பலநாதர் விடுவாரா? "மன்னருக்காக எப்பேர்ப்பட்ட பாரத்தையும் சுமப்பேன்!" என்று முந்திக்கொண்டு வந்தார்.

"கண்ணை மூடிக்கொள்ளுங்கள் ஐயா. திறந்தால் பாரம் மறுபடி மன்னர்மேல் ஏறிவிடும்" என்று அவர் தலையில் சும்மாட்டை வைத்தான் கூத்தப்பன். பிறகு மன்னரிடம் திரும்பினான். "பாரம் எது என்று காட்டினால்தானே தூக்க முடியும், அரசே?"

மன்னர் தயங்கினார். பிறகு அவன் காதருகே குனிந்து, "மீசையில் ஒரு நரை முளைத்துவிட்டதடா" என்று முணுமுணுத்தார்.

"அதைப் பிடுங்கி இப்படிக் கொடுங்கள்."

பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கிக் கொடுத்தார் மன்னர். அந்த ஒற்றை முடியைக் கூத்தப்பன் இரு கைகளாலும் ஏந்தி, புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்க நடந்து, சும்மாட்டின்மேல் வைத்தான்.

"ஐயோ, என்ன பாரம்!" முழங்கால் மடங்கத் தள்ளாடினார் அம்பலநாதர். "கழுத்து முறிகிறதே! இதையா மூன்று நாளாய்த் தனியாகச் சுமந்தீர்கள், மன்னா!"

மன்னர் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். சபையே சேர்ந்து சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பன் கழுத்தில் போட்டார்.

"மீசை முழுவதும் நரைத்தாலும் நீ இங்கேதான் இருக்க வேண்டும்!"

"மன்னா," என்றார் அம்பலநாதர், இன்னும் கண்ணைத் திறக்காமல். "யாரையாவது கொஞ்சம் கைகொடுத்து இறக்கிவிடச் சொல்லுங்களேன்."