கோள் சொன்ன ஏழாம் போர்ட்

கருவேலங்குடியில் அறிவு தேவைக்கு மேல் விளைந்துவிட்டதால், உபரியை மூன்று பேர் தலையில் கொட்டி வைத்திருந்தார்கள்: ஏகாம்பரம், பிச்சாண்டி, வைகுண்டம். ஊருக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் மாசிலாமணியின் கம்பெனியில் மூவருக்கும் வேலை. என்ன வேலை என்று மாசிலாமணி கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி. அதில் ஒயர் செருகும் ஓட்டைக்குப் போர்ட் என்று பெயர். இணைப்பு இருந்தால் போர்ட்டின் பச்சை விளக்கு எரியும், அறுந்தால் அணையும். அணைந்த சேதி மாடிக் கணினியில் ஓடும் சாஃப்ட்வேருக்குத் தானாகப் போய்ச் சேரும். அது உடனே இணைப்பை மாற்று வழியில் திருப்பிவிடும். அன்றைக்கென்று பார்த்து அந்தச் சேதி போவது நின்றுவிட்டது.

இஞ்சினியர் தாட்சாயணி பழுது பார்க்கச் சாமான் வாங்கக் கிளம்பினாள்.

"ஏழாம் போர்ட்டைப் பாத்துக்குங்கண்ணே. முதலாளி வீட்டு லைன். துபாய் மாப்பிள்ளை வீடியோவுல பொண்ணு பாக்குறாரு. விளக்கு அணைஞ்சா மேல சாஃப்ட்வேருக்குச் சொல்லிடுங்க."

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் விளக்கு அணைந்தது. மூவரும் மாடிக்கு ஓடினார்கள். ஏகாம்பரம் கணினி முன் குனிந்து, "ஏழு அணைஞ்சிருச்சு" என்றார்.

கணினி பேசவில்லை.

"மொட்டையாச் சொன்னா யாரு மதிப்பா? ஐயான்னு கூப்பிடணும்" என்றார் பிச்சாண்டி.

"ஐயாவா அம்மாவான்னு தெரியாம எப்படிக் கூப்பிடுறது?" என்றார் வைகுண்டம்.

நியாயமான கேள்வி. கணினியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள், விளங்கவில்லை. நெடுநேரம் விவாதித்து, வம்பே வேண்டாமென்று மூவரும் கைகூப்பி நின்று, "பெரியோர்களே, தாய்மார்களே! ஏழாம் போர்ட் அணைந்துவிட்டது" என்று அறிவித்தார்கள். கைதட்டலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தார்கள்.

அதே நேரம் முதலாளி வீட்டில், "எனக்குப் பொண்ணைப் பிடி" என்பதோடு மாப்பிள்ளை திரையில் உறைந்து நின்றார்.

"பிடிக்கலைன்னுதான் சொல்ல வந்திருக்கான்!" மாசிலாமணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மகள் நறுமுகை கேசரித் தட்டோடு அழுதுகொண்டே உள்ளே போனாள்.

தாட்சாயணி திரும்பி வந்தபோது, சாஃப்ட்வேருக்குத் தொண்டை வறண்டிருக்கும் என்று மூவரும் கணினி முன் மோர் வைத்து உபசரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு ஏதோ தட்டினாள். முதலாளி வீட்டுத் திரை உயிர்பெற்றது, துபாய் மாப்பிள்ளையின் குரல் வந்தது: "எத்தனை தடவைதான் கத்துறது மாமா? பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு!"

பழுதை நீக்கியதும் தாட்சாயணி சொன்னாள்: "இனிமே நீங்க ஓட வேண்டாம்ணே. என்ன நடந்தாலும் போர்ட்டே நேரா மேல சொல்லிடும்." சொல்லிவிட்டுக் கேசரி சாப்பிடப் போனாள்.

மூவர் முகமும் கறுத்தது.

"நம்மளத் தாண்டி மேலிடத்துல சொல்லுமாமே!" என்றார் பிச்சாண்டி. "நம்மளப் பத்திச் சொல்லாதுன்னு என்ன நிச்சயம்?"

சோதித்துப் பார்க்க முடிவாயிற்று. ஏகாம்பரம் மாடியில் காவல். கீழே வைகுண்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூனை போல நடந்து, ஏழாம் போர்ட்டின் ஒயரை உருவினார்.

மாடியிலிருந்து ஏகாம்பரம் அலறினார்: "'ஏழாம் போர்ட்: ஒயர் கழற்றப்பட்டது'ன்னு எழுதி வருது! யோவ் வைகுண்டம், உன்னப் போட்டுக் குடுத்துருச்சுய்யா!"

போர்ட்டின் வாயில் இப்போது பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. ஆனாலும் எதற்கு வம்பென்று, அந்த அறைக்குள் மூவரும் சைகையில்தான் பேசிக்கொள்கிறார்கள்.